நீட்டர் கிடக்கும் இடம்

கண்டல் வேருக்குள் சிக்கிக் கிடந்ததை முதலில் கண்டவன், யாரோ கைவிட்ட பழைய வலை என்றுதான் நினைத்தான். காலை ஆறரை இருக்கும். தன்னாமுனைப் பக்கத்து வாவியில் ஒரு பொட்டுக் காற்றில்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரி அசையாமல் கிடந்தது. கிட்டப் போய்த் துடுப்பால் தட்டிப் பார்த்தான். அதிலிருந்து ஒரு கை மேலே வந்தது. அவன் அடுத்த கிழமை வரைக்கும் தோணியில் கால் வைக்கவில்லை.

செத்தவர் கோணாமலை. ஐம்பத்தாறு வயது, மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம், ஒரே மகள் தனுஷா. முந்தாநாள் விடியப்புறம் வாவிக்குப் போனவர் திரும்பவில்லை. இப்போது திரும்பி வந்திருப்பதில் இடது காலும் விலாவில் பாதியும் இல்லை.

ஊருக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கூடப் போன உதயரூபன் முந்தாநாளே அழுதழுது சொல்லிவிட்டான். கோணாமலையின் அக்கா மகன் அவன். மாமாவும் மருமகனும் எப்போதும் ஒரே தோணிதான். சின்னத்தீவுக்கு அங்காலே வலை வேரில் மாட்டியது, மாமா இறங்கினார், முதலை கொண்டுபோயிற்று. அவ்வளவுதான் கதை. ஊரும் தலையை ஆட்டியது. பின்நேரம் நாலு மணிக்கு மரண விசாரணை அதிகாரி வந்து 'விபத்து' என்று எழுதினால் பொழுதுபடுவதற்குள் அடக்கம்.

தலையாட்டாத ஆள் ஒன்று இருந்தது. சப் இன்ஸ்பெக்டர் சர்மிலா. பட்டணத்து மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. மீன் தின்னத் தெரியும், பிடிக்கத் தெரியாது. ஆனால் எவராவது ஒரு கதையை இரண்டு தரம் ஒரே சொல்லில் சொன்னால் அவளுக்கு உள்ளங்கை கடிக்கத் தொடங்கிவிடும். உதயரூபன் முந்தாநாள் சொன்னதையும் நேற்றுச் சொன்னதையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாள். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

முதலில் ஆஸ்பத்திரி. சட்ட வைத்திய அதிகாரி டொக்டர் நஸ்ஹா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"கடிச்சது உயிரோட இருக்கக்குள்ளயா, செத்தாப் பிறகா டொக்டர்?"

"ரெண்டு நாள் உப்புத் தண்ணியில ஊறின உடம்பு. காயத்துர ஓரமெல்லாம் கழுவுப்பட்டுப் போச்சு. சொல்ல ஏலா."

"வேற?"

"பின்மண்டையில ஒரு அடி. தோணி விளிம்பில பட்டதோட பொருந்துது."

இந்தத் தொழில்காரர்களின் பாஷை இருக்கிறதே, காதில் விழும்போது எல்லாம் தமிழ்தான். உள்ளே போனால் தலையும் விளங்காது, வாலும் விளங்காது. பொலிஸ்காரன் 'கொஞ்சம் வந்து போங்க' என்றால் இரண்டு நாளைக்கு உடுப்பு எடுத்துக்கொண்டு போகவேண்டும். வக்கீல் 'பார்ப்பம்' என்றால் பார்க்கமாட்டார். டொக்டர் 'பொருந்துது' என்றால், அப்படியும் இருக்கலாம், என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி இழுக்காதே என்று அர்த்தம். சர்மிலா இந்தப் பாஷையில் பத்து வருடமாக அடிபட்டவள்.

"வேற எதோட பொருந்தும் டொக்டர்?"

நஸ்ஹா சிரிக்கவில்லை. "உலக்கை, மண்வெட்டிப் பிடி, துடுப்பு. எதோடயும் பொருந்தும். வாசிக்கிறவங்க 'பொருந்துது' எண்டத 'அதுதான்' எண்டு வாசிச்சா நான் என்ன செய்ய?"

பத்து மணிக்குச் செத்த வீடு. வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. கூடத்து மூலையில் ஒரு சுருட்டின பாயும் ஒரு தகரப் பெட்டியும் இருந்தன. அவை கோணாமலையின் அக்கா இலட்சுமிப்பிள்ளையுடையவை. பிள்ளை தனிய இருக்கப்படாது என்று முந்தாநாளே குடிவந்துவிட்டாள். வெளியே உதயரூபன் வேர்வை வழிய விறகு கொத்திக்கொண்டிருந்தான். முப்பது வயது, நல்ல தேகம், பார்க்கிற எவருக்கும் பாவம் என்று தோன்றும் முகம்.

தனுஷா சர்மிலாவைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை. அழுது முடித்திருந்தாள். இப்போது பயம் மட்டும்தான் மிச்சம்.

"மிஸ், இண்டைக்கு முதலை எண்டு எழுதினா என்ட கதை முடிஞ்சுது. முப்பத்தொண்டாம் நாள் கழிய எனக்கும் மச்சானுக்கும் கலியாண எழுத்து எண்டு மாமி சொல்லிட்டா. எங்கட ஊரில வீடு பொம்புளப் பிள்ளைக்குத்தானே. என்னக் கட்டுறவர் இந்த வீட்டுக்கு வருவார். மச்சான் வந்துட்டார் மிஸ், பாருங்க, விறகு கொத்துறார்."

"உங்களுக்கு விருப்பமில்லையா?"

"போன வருஷம் நாய் கடிச்சதுக்கு அந்த நாயக் கட்டி வச்சு அடிச்சார். செத்தாப் பிறகும் அடிச்சார். நான் பாத்துக்கொண்டு நிண்டன். அப்பாட்டச் சொன்னன், இந்தக் கலியாணம் வேணாம் எண்டு. அப்பா ஓம் எண்டவர். அவன் மனசு நோகாம நானே சொல்லுறன் எண்டுதான் அண்டைக்குப் போனவர்."

"அது காரணம் புள்ள. சாட்சி இல்ல."

"தெரியும் மிஸ்." தனுஷா விரல்களைப் பிசைந்தாள். "அப்பாட செருப்பயும் காணல்ல. எப்பவும் துறையில கழட்டி வச்சிட்டுத்தான் தோணியில ஏறுவார். வார் அறுந்து நான்தான் நீல நூலால தைச்சுக் குடுத்தன். துறையில தேடினன், இல்ல."

"நாய் தூக்கியிருக்கும் எண்டு சொல்லுவாங்க."

"சொல்லிட்டாங்க."

சர்மிலா துறைக்குப் போனாள். கோணாமலையின் தோணி கரையில் கவிழ்த்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரே ஒரு துடுப்பு. கான்ஸ்டபிள் ஸியாம் போய் உதயரூபனைக் கூட்டிவந்தான்.

"மற்றத் துடுப்பு எங்க?"

"தண்ணியில விழுந்து போச்சு மிஸ். மாமாவ இழுக்கப் பாத்தன், கைநழுவிப் போச்சு."

"அந்த இடத்தக் காட்டுவீங்களா?"

"ஓம் மிஸ். ஏன் காட்டமாட்டன்?"

தோணிக்கு ஆள் தேடியபோது மீனவர் சங்கத் தலைவர் யோசேப் தானே முன்வந்தார். அறுபது வயது, கழுத்தில் செபமாலை, வாயில் வெற்றிலை. இவரும் கோணாமலையும் வலை போடுகிற இடத்துக்காகச் சங்கக் கூட்டத்தில் சண்டை பிடித்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. ஸியாம் அதைச் சர்மிலாவின் காதில் போட்டான். அவள் நேராகவே கேட்டாள்.

"முந்தாநாள் விடியப்புறம் எங்க இருந்தீங்க?"

"கோயில்ல. பூசையில பாட்டுப் படிச்சன். ஃபாதரக் கேளுங்க, என்ட குரல மறக்கமாட்டார்." யோசேப் வெற்றிலையைத் துப்பினார். "அடிபட்டது மெய்தான் மிஸ். அதுக்காக அவன்ட சாவில நான் சந்தோஷப்படுறனா? ஒண்டு சொல்லட்டா? துடுப்பு மரம். மரம் தாழுமா? நேற்று முழுக்கக் காத்து எங்கட கரைக்குத்தான் அடிச்சது. தேங்காய்ச் சிரட்டை கூட வந்து ஒதுங்கிச்சு. துடுப்ப மட்டும் காணல்ல."

இதை அவர் உதயரூபனுக்குக் கேட்காமல்தான் சொன்னார்.

நாலு பேரும் ஏறினார்கள். யோசேப் பின்னால் துடுப்பைப் பிடித்தார். ஸியாம் காத்தான்குடிப் பையன். வாவியைப் பார்த்து வளர்ந்தவன், ஆனால் கடைத்தெருப் பிள்ளை. தோணி நடு வாவிக்கு வந்ததும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"யோசேப் அண்ணன், இந்த வாவி முதலை எவ்வளவு நீளம் வரும்?"

"முதலை எண்டா பத்தடி இருக்கும். பன்னிரண்டடியும் கண்டிருக்கன்." யோசேப் சாவகாசமாகச் சொன்னார்.

சின்னத்தீவு கிட்ட வந்தது. கண்டல் மரங்கள் தண்ணீருக்குள் கால்களை விட்டுக்கொண்டு நின்றன. ஒரு கொக்குக் கூட இல்லை. ஸியாம் குனிந்து எட்டிப் பார்த்தான்.

"இஞ்சயா அந்த முதலை..."

"பேரச் சொல்லாத தம்பி." யோசேப்பின் குரல் சட்டென்று கீழே இறங்கிவிட்டது. "நீட்டர் எண்டு சொல்லு."

"இப்ப நீங்களும் சொன்னீங்களே அண்ணன்."

"அது நடு வாவி. அங்க சொல்லலாம், கரையில சொல்லலாம், கட்டில்ல படுத்துக்கொண்டும் சொல்லலாம். அவர் கிடக்கிற இடத்தில மட்டும் சொல்லப்படாது. சொன்னாக் கூப்பிட்ட மாதிரி. இஞ்ச அவர் கிடக்கிறார் எண்டு எங்களுக்கு முந்தாநாள் வரைக்கும் தெரியாது. இப்ப தெரியும். கையை உள்ளுக்கு எடு."

ஸியாம் கையை எடுத்தான். சர்மிலாவுக்கும் ஏனோ தன் கையை மடியில் வைத்துக்கொள்ளத் தோன்றியது.

உதயரூபன் முன்னால் சாய்ந்து, வேர்கள் பின்னிக் கிடந்த ஓரிடத்தைக் காட்டினான். "இந்த இடம்தான் மிஸ். வலை இந்த வேரில மாட்டிச்சு. மாமா இறங்கினார், நெஞ்சளவு தண்ணி. முதலை வந்த சத்தம் கூடக் கேக்கல்ல. மாமா என்னத் திரும்பிப் பாத்தார். அவ்வளவுதான். நான் கையப் பிடிக்க முந்திப் போயிட்டார்." அவன் குரல் உடைந்தது. குனிந்து இரண்டு கையாலும் வாவித் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினான். மறுபடியும் அள்ளினான். யோசேப் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு தோணியைப் பின்னுக்கு எடுத்தார்.

ஸியாமுக்கே கண் கலங்கிவிட்டது. சர்மிலாவோ உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

திரும்பும்போது கச்சான் காற்று எழும்பிவிட்டது. நடு வாவியில் அலை தோணிக்குள் தெறித்தது. யோசேப் கரையை அண்டிக்கொண்டு வந்தார். பாழடைந்த இறால் பண்ணை ஒன்றின் வாய்க்கால் வாவியில் விழுகிற இடம் வந்தது. இரண்டு பக்கமும் தில்லை மரங்கள், உடைந்த மண் வரம்பு, கறுத்த தண்ணீர். காற்று இங்கே எட்டவில்லை. உதயரூபன் தோணி விளிம்பில் சாய்ந்து, விரல்களைத் தண்ணீரில் இழுபட விட்டுக்கொண்டு வந்தான்.

ஸியாம் இந்த முறை முன்னெச்சரிக்கையாகக் கேட்டான். "யோசேப் அண்ணன், இஞ்ச அந்தப் பேரச் சொல்லலாமா?"

யோசேப் சிரித்தார். "தாராளமாச் சொல்லு. என்ட வயசுக்கு இந்தப் பக்கம் முதலையைக் கண்டவனில்ல. பண்ணை நடக்கக்குள்ள பிள்ளையள் குளிக்கிற இடம் இது."

"சும்மா வாங்க ரெண்டு பேரும்." உதயரூபன் விரல்களைத் தண்ணீரிலிருந்து எடுத்து உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். விளிம்பை விட்டுத் தோணியின் நடுவுக்கு நகர்ந்தான். "நீட்டருக்கு எந்த இடம் எண்டு இருக்கா?"

"பயந்து போனாய் மனே," என்றார் யோசேப் இரக்கமாக. "உனக்கு இனி வாவி முழுக்க நீட்டர்தான்."

துறையில் இறங்கியதும் சர்மிலா உதயரூபனின் தோளைத் தட்டினாள். "போய்ச் சாப்பிடுங்க. நாலு மணிக்கு ஐயா வருவார், வாசல்லயே நில்லுங்க." அவன் போய் மறைந்த பிறகு திரும்பினாள். "ஸியாம், ஜீப்ப எடு. யோசேப் அண்ணன், நீங்களும் வாங்க. அந்தப் பண்ணைக்குத் தரையால போற பாதை இருக்குமே?"

"இருக்கு. அங்க என்னத்துக்கு மிஸ்?"

அவள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பண்ணை வரம்பில் நடக்க முழங்கால் மட்டும் புல். ஸியாம் தடியால் தட்டிக்கொண்டு முன்னால் போனான். முதலில் கிடைத்தது செருப்பு. தில்லைப் பற்றைக்குள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், வீட்டு வாசலில் கழற்றி வைத்த மாதிரி ஒழுங்காக இருந்தன. ஒன்றின் வாரில் நீல நூல். பதற்றத்தில் விட்டெறிந்தது இல்லை அது. ஒரு மனுஷன் குந்தியிருந்து ஆறுதலாகப் பேசுவதற்காகக் கழற்றி வைத்தது.

துடுப்பு இன்னும் பத்தடி தள்ளிக் கிடைத்தது. உடைந்த பாதியை யாரோ சேற்றுக்குள் காலால் மிதித்து இறக்கியிருந்தார்கள். ஸியாம் இழுத்தபோது அகன்ற பக்கம் வெளியே வந்தது. அதில் ஒட்டியிருந்த நரைமயிரைச் சேறு கழுவவில்லை.

யோசேப் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அடிச்சுக்கொண்டு திரிஞ்ச நாங்களெல்லாம் கொல்லல்ல," என்றார். "பெத்த பிள்ளை மாதிரி அவன் வளத்த மருமகன்..."

முடிக்கவில்லை. கண்கள் வாய்க்காலின் பக்கம் போய் நின்றுவிட்டன. கறுத்த தண்ணீரில், கரையிலிருந்து ஒரு பாய் தூரத்தில், இரண்டு முண்டுகள் மிதந்தன. அவை முன்பு அங்கே இருக்கவில்லை. அசையவில்லை, சிமிட்டவில்லை.

"மிஸ்," என்றார் யோசேப் மூச்சுக்குள். "மெல்லப் பின்னுக்கு வாங்க. நீட்டர்."

மரண விசாரணை அதிகாரி நாலு மணிக்கு வந்து கதிரையில் அமர்ந்து பேனாவைத் திறந்தார். பந்தலில் ஊர் நின்றது. இலட்சுமிப்பிள்ளை தனுஷாவை அணைத்தபடி குந்தியிருந்தாள்; அணைப்பு என்றால் பிடி விடாத அணைப்பு. உதயரூபன் தூணோடு நின்றான். அவனுக்கு இரண்டு பக்கமும் பொலிஸ் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை.

"ஐயா, எழுத முந்தி ஒரு கதை," என்றாள் சர்மிலா. "இந்த வாவியில வலை போடுற ஆக்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு. முதலை கிடக்கிற இடத்தில அதுட பேரச் சொல்லமாட்டாங்க, நீட்டர் எண்டுதான் சொல்லுவாங்க. கையையும் தண்ணியில வைக்கமாட்டாங்க. முதலை இல்லாத இடத்தில அந்தக் கட்டுப்பாடு இல்ல. சரிதானே யோசேப் அண்ணன்?"

"சரி."

"இண்டைக்கு உதயரூபன் ரெண்டு இடத்தால வந்தார். முதலாவது சின்னத்தீவு, மாமாவ முதலை இழுத்த இடம் எண்டு அவர் சொன்ன இடம். யோசேப் அண்ணன் குரலைத் தணிச்சார், பேரச் சொல்லல்ல. ஏனெண்டா உதயரூபன் சொன்னத நம்பினவர். உதயரூபன் என்ன செய்தார்? 'முதலை' எண்டு வாய் நிறையச் சொன்னார். ரெண்டு கையாலயும் தண்ணி அள்ளி முகம் கழுவினார்."

"துக்கத்தில வாய் தவறிச்சு மிஸ்," என்றான் உதயரூபன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். துக்கத்தில வாய் தவறும். ஆனா மற்ற இடம் இருக்கே. பழைய இறால் பண்ணை வாய்க்கால். அங்க முதலை இல்ல எண்டு யோசேப் அண்ணன் நம்பினார், ஊரே நம்பினது. அவர் பேரச் சொல்லிச் சிரிச்சார். நீங்க மட்டும் கையை எடுத்தீங்க. நடுவுக்கு வந்தீங்க. நீட்டர் எண்டு சொன்னீங்க." சர்மிலா ஒரு எட்டு முன்னால் வைத்தாள். "வாவியில இருக்கிற ஒருத்தருக்கும் தெரியாத ஒண்டு உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தது. சின்னத்தீவில அது இல்ல. பண்ணையில இருக்கு. எப்பிடித் தெரியும் தம்பி?"

அவன் தூணை விட்டு ஒரு எட்டு நகர்ந்தான். அப்போதுதான் பக்கத்தில் நின்ற பொலிஸைக் கண்டான்.

ஸியாம் செருப்பையும் துடுப்பையும் கொண்டுவந்து மேசையில் வைத்தான். தனுஷா நீல நூலைப் பார்த்தாள். மாமியின் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டு எழும்பி நின்றாள்.

"கலியாணம் இல்ல எண்டு சொல்லத்தான், தோணியில ஏற முந்தி, உங்களத் தரையால பண்ணை வரம்புக்குக் கூட்டிப் போனார்," என்றாள் சர்மிலா. "வீட்டில வச்சுச் சொன்னா உங்களுக்கு வெட்கம் எண்டு. செருப்பக் கழட்டி வச்சுப் போட்டுக் குந்தியிருந்து சொன்னார். நீங்க தோளில துடுப்போட பின்னால நிண்டீங்க."

மேசையில் கிடந்த துடுப்பை உதயரூபன் பார்த்தான். பிறகு பேசினான். பழைய கதையில் இருந்த ஒரு சொல்லும் இதில் இல்லை.

"அடிச்சது நான்தான். தண்ணியில நான் போடல்ல. கட்டித் தாழ்க்கக் கல்லு எடுக்கப் போனன். திரும்பி வரக்குள்ள இழுத்துக்கொண்டு போகுது. அங்க அப்பிடி ஒண்டு இருக்கு எண்டு எனக்குத் தெரியாது, மிஸ். சத்தமே இல்ல. என்னப் பாத்துக்கொண்டே போச்சுது." அவன் கையைச் சாரத்தில் துடைத்தான், ஈரம் இல்லாத கையை. "அதுதான் எனக்குக் கதை சொல்லித் தந்தது. இடத்த மட்டும் மாத்தினன்."

மரண விசாரணை அதிகாரி பேனாவை மூடினார். விலங்கு பூட்டிக் கூட்டிப் போகும்போது அவன் ஒரு தரம் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். தனுஷாவைப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பின்நேரம் கோணாமலையை அடக்கம் செய்தார்கள். எல்லாரும் போன பிறகு இலட்சுமிப்பிள்ளை கூடத்தில் தன் பாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒப்பாரி வைத்தாள். தம்பிக்கு வைத்தது நடுவில் மகனுக்கு வைக்கிறதாக மாறியது. "என்ட உதயா, என்ட உதயரூபா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தனுஷா குசினியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தாள். அவள் குடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். பிறகு பாயை எடுத்து ஒழுங்காகச் சுருட்டி, தகரப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"இருட்ட முந்தி யோசேப் மாமா உங்கள வீட்டில விடுவார், மாமி," என்றாள். "அங்க போய் அழுங்க. அந்தப் பேர மட்டும் இஞ்ச சொல்லாதீங்க."